கடையில் இல்லாத நாவலை யாருக்காகப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?

மதிப்புக்குரிய தமிழ் நாவலாசிரியர்களுக்கு,

இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்தான். ஆனாலும் முதல் நாவல் வெளிவந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் கடந்து, அது இன்று எந்தக் கடையிலும் கிடைக்காமல் இருப்பவர்களை முதலில் மனத்தில் வைத்து எழுதுகிறேன். அந்த நாவலை இணையத்தில் இலவசமாக வெளியிட்டுவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். எழுதிக்கொண்டிருக்கும் நாவலைக் கேட்கவில்லை. விற்றுக்கொண்டிருக்கும் நாவலையும் கேட்கவில்லை. பதிப்பாளர் மறுபதிப்பு போடாமல், ஏதோ ஒரு கிளை நூலகத்தில் அட்டை கிழிந்து ஒரு பிரதி கிடக்க, தேடி வரும் வாசகரிடம் ‘அச்சில் இல்லையே’ என்று நீங்களே கைவிரிக்க வேண்டியிருக்கும் நாவலைத்தான் கேட்கிறேன். எழுத்தாளர் தன் புத்தகத்தைச் சும்மா கொடுக்கலாமா என்ற சண்டை உலகத்தில் கால் நூற்றாண்டாக நடக்கிறது. பெரும்பாலும் அது புதுப் புத்தகத்தின் விற்பனையைப் பற்றிய சண்டை. அதில் பாதி நமக்குத் தேவையே இல்லை. விற்பனைக்கும் இல்லாமல், இரவலுக்கும் இல்லாமல் கிடக்கும் நாவலை என்ன செய்வது என்பதுதான் தமிழில் நம் முன் உள்ள கேள்வி.

இருந்தாலும் வெளிநாட்டுக் கதையை முதலில் பார்த்துவிடலாம். இலவசத்துக்காக வாதாடுபவர்கள் எப்போதும் அதைத்தான் எடுத்து வைக்கிறார்கள். அமெரிக்காவில் அறிவியல் புனைகதை வெளியிடும் பேன் பதிப்பகம், 2000ஆம் ஆண்டையொட்டி, நாவலாசிரியர் எரிக் ஃபிளின்ட்டின் முயற்சியில், தன் பழைய நாவல்கள் சிலவற்றை எந்தப் பூட்டும் போடாமல் இணையத்தில் இலவசமாக வைத்தது. ஃபிளின்ட் தன் முதல் நாவலையும் அதில் சேர்த்தார். அதற்குப் பிறகு அச்சுப் பிரதியின் விற்பனை சரியவில்லை, ஏறியது என்று தன் ராயல்டிக் கணக்கைக் காட்டியே எழுதினார். 2003 ஜனவரியில் கோரி டாக்டரோவின் முதல் நாவல் ‘டவுன் அண்ட் அவுட் இன் த மேஜிக் கிங்டம்’ கடைக்கு வந்தபோதே, நகலெடுத்துப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு இணையத்திலும் வந்தது. அந்த உரிமங்கள் பிறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கனடாவின் பீட்டர் வாட்ஸ், 2006இல் வெளிவந்த தன் ‘பிளைண்ட்சைட்’ கடைகளில் சரியாகக் கிடைக்காததைக் கண்டு அதை இணையத்தில் திறந்துவிட்டார். பேச்சு பரவியது, மறு அச்சுகள் வந்தன, அடுத்த ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதின் இறுதிப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. ஆண்டி வெயர் ‘த மார்ஷியன்’ நாவலைத் தன் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகச் சும்மா போட்டு, வாசகர்கள் கேட்டார்கள் என்று பிறகு அமேசானின் கிண்டிலில் 99 சென்ட்டுக்கு வைத்தார். 2014இல் பெரிய பதிப்பகம் அதை வெளியிட்டது. 2015இல் ரிட்லி ஸ்காட் படமாக்கினார்.

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் ஜெயித்தவர்களின் கதை. இலவசமாகப் போட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்காத நாவல்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. வாசகரின் மனசாட்சியை நம்பினால் பணம் தானாக வரும் என்பதற்கும் ஆதாரம் மெலிதுதான். 2000இல் ஸ்டீபன் கிங் ‘த பிளான்ட்’ என்ற நாவலைப் பகுதி பகுதியாக இணையத்தில் வைத்தார். பதிவிறக்குபவர்களில் 75 விழுக்காட்டினராவது காசு கொடுத்தால்தான் தொடர்வேன் என்றார். நாலாம் பகுதிக்குக் காசு கொடுத்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. ஆறாம் பகுதியோடு நாவல் பாதியில் நின்றது. உலகத்தில் மிக அதிகம் விற்கும் எழுத்தாளர்களில் ஒருவருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் என்ன எதிர்பார்க்க முடியும்? ஆகவே இலவசமாகக் கொடுத்தால் பெயர் கிடைக்கும், பெயர் கிடைத்தால் விற்பனை வரும் என்று உங்களிடம் ஆசை காட்ட மாட்டேன். வரலாம், வராமலும் போகலாம். என் வாதம் அந்த ஆசையை நம்பி நிற்கவில்லை.

அது ஒரு சின்னக் கணக்கில் நிற்கிறது. ஒரு காலத்தில் தமிழ் நாவலுக்கு முதல் பதிப்பு 1,200 பிரதி என்பது வழக்கம்; அரசு நூலகங்களின் கொள்முதல் ஆணை கிடைத்தால் பதிப்பாளர் பிழைத்துக்கொள்வார். இன்று தேவைக்கு ஏற்ப அச்சிடும் வசதி வந்தபின் 200, 300 பிரதி போட்டுப் பார்ப்பது சாதாரணம். விலை 300 ரூபாய், 300 பிரதியும் விற்றுத் தீர்ந்தது, 10 விழுக்காடு ராயல்டியும் ஒழுங்காகக் கைக்கு வந்தது என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 9,000 ரூபாய். (‘ஒழுங்காக’ என்ற சொல்லுக்கு உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள்.) இது விற்கிற நாவலின் கணக்கு. அச்சில் இல்லாத நாவலின் கணக்கு பூஜ்யம். இலவசமாகக் கொடுத்தால் நட்டம் என்ற அச்சம் வருமானம் இருக்கும் இடத்தில்தான் பொருந்தும். இங்கே நீங்கள் இழக்கக்கூடியது, என்றாவது ஒரு பதிப்பாளர் வந்து கேட்கலாம் என்ற எதிர்பார்ப்பு மட்டும். அந்த எதிர்பார்ப்பை நான் கேலி செய்யவில்லை. பத்தாண்டாக யாரும் கேட்காத நாவலுக்கு அந்த எதிர்பார்ப்பின் மதிப்பு என்ன, அதற்கு ஈடாகப் பத்தாண்டில் போய்ச் சேராமல் போன வாசகர்களின் மதிப்பு என்ன என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

புத்தகம் அச்சிலிருந்து மறைவது ஏதோ தரமில்லாதவற்றுக்கு மட்டும் நேர்வது என்று நினைக்க வேண்டாம். இலினாய் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் பால் ஹீல்ட், அமேசானில் புதுப் பிரதியாகக் கிடைக்கும் புத்தகங்களிலிருந்து மாதிரி எடுத்து, அவை முதலில் எந்தப் பத்தாண்டில் வெளிவந்தவை என்று வகைப்படுத்திப் பார்த்தார். 1980களில் வந்தவற்றைவிட 1880களில் வந்த புத்தகங்கள் அதிகம் கிடைத்தன. நூறாண்டு பழையது கிடைக்கிறது, முப்பதாண்டு பழையது கிடைக்கவில்லை. பழையவை பொதுச் சொத்தாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். புதியவற்றை உரிமையாளர் அச்சிடவும் இல்லை, மற்றவர் அச்சிட முடியவும் இல்லை. ஆங்கிலத்தின் பெரிய சந்தையிலேயே இப்படி. தமிழுக்கு ஆய்வு தேவையில்லை, ப. சிங்காரத்தின் பெயர் போதும். ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து இந்தோனேசியாவையும் மலேயாவையும் அப்படி எழுதிய வேறொரு தமிழ் நாவல் இல்லை. நெடுங்காலம் அது விரல்விட்டு எண்ணத்தக்க வாசகர்களின் கைகளில் மட்டும் புழங்கியது. 1997இல் சிங்காரம் மறைந்தார். அதற்குப் பின் வந்த மறுபதிப்புகளின் வழியாகத்தான் அந்த நாவல் இன்றைய இடத்துக்கு வந்தது. அந்தப் புகழில் பெரும்பகுதியை அவர் பார்க்கவில்லை. அவர் காலத்தில் தமிழ் நாவலுக்கு இணையம் ஒரு வழியாக இருக்கவில்லை. உங்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

‘இலவசமாகப் போட்டுவிட்டால் அப்புறம் எந்தப் பதிப்பாளர் மறுபதிப்பு போடுவார்?’ என்பது நியாயமான கேள்வி. இதற்கு ஃபிளின்ட்டையும் வாட்ஸையும் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை, கல்கி போதும். கல்கியின் எழுத்துகள் 1990களின் இறுதியில் நாட்டுடைமையாயின, அதாவது யாரும் வெளியிடலாம் என்று ஆயின. 1998 பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் ‘பொன்னியின் செல்வன்’ முழுவதும் தன்னார்வலர்கள் உழைப்பில் தட்டச்சாகி, யாரும் எந்த நேரமும் சட்டப்படி எடுத்துப் படிக்கும்படி இருக்கிறது. அதன் விளைவு என்ன? எத்தனை பதிப்பகங்கள், எத்தனை விதமான பதிப்புகள், மலிவு விலை, கெட்டி அட்டை, ஓவியங்களோடு, ஓவியங்கள் இல்லாமல்! சென்னைப் புத்தகக் காட்சியில் அதை அடுக்கி வைக்காத பெரிய அரங்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இணையத்தில் சும்மா கிடைப்பது அச்சுப் பிரதியைக் கொன்றுவிடும் என்றால் தமிழில் முதலில் செத்திருக்க வேண்டியது இந்த நாவல்தான். கல்கிக்கு எழுபதாண்டுப் புகழ் இருக்கிறது, வார இதழில் தொடராக வந்த காலத்திலிருந்து வாசகர் கூட்டம் இருக்கிறது, எனக்கு அது இல்லையே என்பீர்கள். சரிதான். எல்லா நாவலும் இப்படி விற்கும் என்று இந்த எடுத்துக்காட்டை வைத்து நான் சொல்ல வரவில்லை. திரையில் சும்மா படிக்கக் கிடைப்பதும் கையில் காசு கொடுத்து வாங்குவதும் ஒன்றையொன்று தின்றுவிடுவதில்லை என்ற அளவுக்கு மட்டுமே இது சாட்சி சொல்கிறது.

நம் காலத்துச் சாட்சி ஒன்றும் உண்டு. ஜெயமோகன் ‘வெண்முரசு’ நாவல் தொடரை 2014 ஜனவரி 1 அன்று இணையத்தில் தொடங்கி, 2020 ஜூலையில் 26 நாவல்களோடு முடித்தார். நாள்தோறும் ஓர் அத்தியாயம், கட்டணம் எதுவும் இல்லை. எல்லாம் இன்றும் அப்படியே இணையத்தில் இருக்கின்றன. அதே நாவல்கள் சண்முகவேலின் ஓவியங்களோடு செம்பதிப்பாக வந்தபோது முன்பதிவு செய்து வாங்கியவர்களில் பலர், ஏற்கெனவே திரையில் படித்து முடித்தவர்கள்தாம். அவரை உங்கள் எல்லோருக்கும் முன்மாதிரியாக நிறுத்துவது நேர்மையாகாது. பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த வாசகர்களை வைத்துக்கொண்டு அவர் அதைச் செய்தார். தவிர, அவ்வளவு வேகத்தில் எழுத மற்றவர்களைக் கேட்பது கொடுமை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆயிரக்கணக்கான பக்கம் நீளும் ஒரு படைப்பை வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் அன்றன்றைக்கே படித்தார்கள், விவாதித்தார்கள். டொராண்டோவிலோ சிட்னியிலோ இருப்பவர் தமிழ் நாவல் ஒன்றை அச்சில் வரவழைக்க வேண்டுமென்றால் பல வேளைகளில் புத்தகத்தின் விலையைத் தபால் செலவு தாண்டிவிடும். அச்சில் உள்ள நாவலுக்கே இதுதான் நிலை. அச்சில் இல்லாததை அவர் எங்கே போய்த் தேடுவார்?

இனி, எதிர்வாதங்களிலேயே கனமானதற்கு வருகிறேன். 2007 ஏப்ரலில், அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தின் துணைத் தலைவராக இருந்த ஹோவர்ட் ஹெண்ட்ரிக்ஸ், முழு நாவலையும் இணையத்தில் சும்மா போடுகிறவர்களை வேலைநிறுத்தத்தை முறிக்கும் கருங்காலிகளுக்கு ஒப்பிட்டுச் சாடினார். கோபமும் கேலியும் வெடித்தன. நாவலாசிரியர் ஜோ வால்டன் ஏப்ரல் 23ஆம் நாளை இதற்கென்றே ஒரு நாளாக அறிவிக்க, பல எழுத்தாளர்கள் தங்கள் படைப்புகளை அன்று இணையத்தில் வாரி இறைத்தார்கள். கேலி செய்தவர்கள் வென்றார்கள்தான். ஆனால் ஹெண்ட்ரிக்ஸ் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. ஒருவர் தன் உழைப்பைச் சும்மா கொடுத்தால், அதே உழைப்பை விற்றுச் சாப்பிடும் பக்கத்து ஆளின் கூலி இறங்கும். வேறு வேலையில் சம்பளமோ ஓய்வூதியமோ வாங்கும் எழுத்தாளருக்கு இலவசம் ஒரு தாராள குணம். எழுத்தை மட்டும் நம்பி இருப்பவருக்கு அது வயிற்றிலடி. பேராசிரியர்களும் வங்கி ஊழியர்களும் அரசு அலுவலர்களும் நிறைந்த தமிழ் இலக்கிய உலகத்தில் இதை மறுக்கவே முடியாது.

தமிழில் எழுத்தை நம்பிச் சம்பாதிக்கும் நாவலாசிரியர்களில் ஒரு பெரிய கூட்டம் குடும்ப நாவல் எழுதும் பெண்கள். இலக்கிய இதழ்கள் அவர்களைக் கண்டுகொள்வதில்லை. இலவசத்தின் பொருளாதாரத்தை அவர்கள் அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் நம்மிடையே குறைவு. இணையத் தளங்களில் வாரம் சில அத்தியாயம் என்று தொடராக எழுதுவார்கள், யாரும் சும்மா படிக்கலாம். கதை முடிந்து சில நாளில் அதை எடுத்துவிட்டு, கிண்டிலில் வைத்து, அச்சுக்கும் கொடுப்பார்கள். 2016 இறுதியில் கிண்டில் தமிழை ஏற்ற பிறகு இந்த வழி அகலமானது. கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் படிக்கப்பட்ட பக்கத்துக்கு ஏற்பப் பணம் வரும். அதில் சேரும் நூல், சேர்ந்திருக்கும் 90 நாள் தவணைகளில், மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே முதலில் கொடுத்து, பிறகு எடுத்துக்கொள்வது அவர்களுக்குச் சரியான முறை. அவர்கள் நாவலின் வருமானம் முதல் சில மாதங்களில் இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்வது தலைகீழ் வரிசை: முதலில் விற்றுக்கொள்ளுங்கள், விற்பனை முடிந்தபின் கொடுத்துவிடுங்கள். கருங்காலி என்ற வசை இந்த வரிசையைத் தொடாது. 2004இல் வெளிவந்து 2009இல் தீர்ந்துபோன ஒரு நாவல் இலவசமாகக் கிடைப்பதால் இந்த ஆண்டு புது நாவல் எழுதியவரின் பிரதி ஒன்று விற்காமல் போகும் என்று யாராவது சொன்னால், பழைய புத்தகக் கடைகளையும் பொது நூலகங்களையும் அவர் முதலில் மூடச் சொல்ல வேண்டும். உங்கள் நாவல் கிண்டிலில் இன்னும் மாதாமாதம் ஏதாவது ஈட்டித் தருகிறதா? அப்படியானால் இந்த மடல் உங்களுக்கில்லை.

‘ஓசியில் கிடைத்ததை எவன் மதிப்பான்?’ என்பது அடுத்த எதிர்வாதம். இதை எழுத்தாளர்கள் சொல்லும்போதெல்லாம் வியப்பாக இருக்கிறது. தமிழ் நாவலின் வாசகர்களில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கிப் படித்து வளர்ந்தார்கள்? வார இதழ்த் தொடர்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்த வீடுகளிலிருந்து தெருவே இரவல் வாங்கிப் படித்தது. வாடகை நூலகத்தில் நாளுக்குச் சில்லறைக் காசு கொடுத்துப் படித்தார்கள். கிளை நூலகத்தில் சந்தா கட்டிவிட்டு வருடம் முழுக்கப் படித்தார்கள். அந்தப் பைண்டு புத்தகங்களுக்கு இருந்த மரியாதை எந்த விலைப் பட்டியலிலிருந்தும் வந்ததில்லை. பதிவிறக்கிய பிடிஎஃப்களில் பெரும்பாலானவை திறக்கப்படாமலே கிடக்கும் என்பது உண்மை. வாங்கிய புத்தகங்களிலும் பிரிக்காத உறையோடு அலமாரியில் இருப்பவை உண்டு. அவற்றுக்காவது ராயல்டி கிடைத்தது என்று ஆறுதல் கொள்ளலாம். அச்சில் இல்லாத நாவலுக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

சரி, கொடுக்கும் உரிமை உங்களிடம்தான் இருக்கிறதா? இதில் பலருக்கு வீண் பயம். பதிப்பாளருக்கு ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான் என்று நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒருமுறை படியுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று அதில் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். 2012இல் 18ஆம் பிரிவில் சேர்த்த திருத்தம், ஒப்பந்தம் போட்டபோது இல்லாத, வணிகப் பயன்பாட்டில் வராத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் தவிர, அந்த ஒப்பந்தம் பொருந்தாது என்கிறது. வாய்ப்பேச்சிலேயே புத்தகம் வந்துவிடும் நம் வழக்கம் ராயல்டி விஷயத்தில் எழுத்தாளருக்கு எத்தனையோ அநியாயம் செய்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அது உங்களுக்குச் சாதகம். காலமும் ஊடகமும் தெளிவாக எழுதிய ஒப்பந்தம் உங்களிடம் இருந்தால் அதற்குக் கட்டுப்படுங்கள், அல்லது பதிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். மறுபதிப்பு போடும் எண்ணமில்லாத பதிப்பாளர் பெரும்பாலும் மறுக்க மாட்டார். சந்தேகம் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் தாளைக் காட்டிவிடுவது நல்லது. அட்டை ஓவியமும் முன்னுரையும் வேறொருவருடையவை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர்களிடமும் அனுமதி வேண்டும், அல்லது அவற்றை விட்டுவிட வேண்டும்.

கொடுப்பதென்று முடிவு செய்தபின் எப்படிக் கொடுப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழைய நாவல் பேஜ்மேக்கர் கோப்பாக, ஒருங்குறிக்கு முந்திய ஏதோ ஓர் எழுத்துருவில், வடிவமைத்தவரின் பழைய கணினியில் கிடக்கும். அதற்கும் முந்தியது என்றால் ஈய எழுத்தில் கோத்த பக்கங்கள் மட்டுமே மிச்சம். எழுத்துரு மாற்றியில் போட்டால் கொம்புகள் இடம் மாறும்; மின்வருடி எழுத்துணரியில் போட்டால் ‘ன’வும் ‘ள’வும் கலந்து வரும். மெய்ப்புப் பார்க்காமல் அப்படியே ஏற்றிவிடுபவர்கள் தங்கள் நாவலுக்குத் தாங்களே துரோகம் செய்கிறார்கள். இன்னொரு வகை, புத்தகத்தைக் கைப்பேசியில் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கிவிடுவது. அதில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது, ஒரு சொல்லைத் தேட முடியாது, கண் தெரியாதவர் கணினியின் குரலில் கேட்க முடியாது. ஒருங்குறியில், இபப் என்ற மின்னூல் வடிவத்தில், முதல் பக்கத்தில் எந்த ஆண்டில் யார் வெளியிட்ட பதிப்பைப் பின்பற்றியது என்ற குறிப்போடு கொடுத்தால்தான் கொடுத்ததாகப் பொருள். உங்கள் சொந்தத் தளத்தில் மட்டும் வைப்பதும் போதாது. தளத்தின் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட ஒருமுறை மறந்தால் நாவல் மறுபடியும் மறைந்துவிடும். 2013 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் போன்ற தளங்கள் இப்படிப்பட்ட நூல்களுக்காகவே இருக்கின்றன. ஈழத்து எழுத்துகளுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் என்ற மின்னூலகம் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான சமூகத்துக்கு, ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதன் ஆபத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பல இடங்களில் பல பிரதி இருப்பதுதான் காப்பு.

அதனால்தான் உரிமம் முக்கியம். ‘யாரும் படிக்கலாம்’ என்று மட்டும் எழுதிவிட்டால், இன்னொருவர் அதை நகலெடுத்துத் தன் தளத்தில் வைக்கலாமா கூடாதா என்பது தெரியாமல் நல்லவர்கள் ஒதுங்குவார்கள். கெட்டவர்கள் எப்படியும் எடுத்துக்கொள்வார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், பெயர் சொல்ல வேண்டும், விற்கக் கூடாது, மாற்றக் கூடாது என்ற மூன்று நிபந்தனையும் கொண்டது நாவலுக்குப் பொருத்தமானது. விற்பனைக்கு அச்சிடும் உரிமையும் திரைப்பட உரிமையும் மொழிபெயர்ப்பு உரிமையும் முழுக்க உங்களிடமே இருக்கும். நாளைக்கே ஒரு பதிப்பாளர் வந்தால் அச்சுக்குக் கொடுக்கலாம். கதையைத் திரைப்படக்காரர்கள் திருடுவார்களே என்ற கவலைக்கு என் பதில் இதுதான்: அச்சில் உள்ள கதையையே திருடுகிறார்கள். நாள் குறிப்போடு எல்லோர் கண்முன்னும் இருக்கும் பிரதி, வழக்கு என்று வந்தால் உங்களுக்குத்தான் உதவும். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த உரிமத்தைக் கொடுத்தால், ஏற்கெனவே நகல் எடுத்தவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது. மின்னூலுக்குத் தனியுரிமை கேட்கும் நிறுவனம் ஒன்று பின்னால் வந்தால், அதைக் கொடுக்க உங்களால் இயலாது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் இணையத்தில் உள்ளதையெல்லாம் வாரிக்கொள்வதை இந்த உரிமத்தின் வாசகம் நடைமுறையில் தடுத்துவிடும் என்று உறுதி கூறவும் முடியாது. இவை உண்மையான விலைகள். விற்றுக்கொண்டிருக்கும் நாவலுக்கு இவை கொடுக்கத்தகாத விலைகள் என்றே சொல்வேன். யாரும் படிக்க முடியாத நாவலுக்கு இவை சிறியவை என்பது என் தீர்ப்பு. உங்கள் தராசு வேறாக இருக்கலாம்.

கடைசியாக, நீங்கள் எழுத விரும்பாத ஒரு தாளைப் பற்றி. ஆசிரியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டு பதிப்புரிமை நீடிக்கும். 2030இல் ஒருவர் மறைந்தால் அவர் நாவல் 2090 முடியும்வரை பூட்டில் இருக்கும். அரசு நாட்டுடைமை ஆக்கும் என்று காத்திருக்கலாம். அது பெரும்பாலும் மறைவுக்குப் பின் சிலருக்கு மட்டுமே அமைகிறது. மற்றவர்களின் உரிமை, ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் சிதறிய பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் போய்ச் சேரும். அவர்களில் சிலருக்குத் தமிழ் படிக்க வராது. மறுபதிப்பு போட ஆசைப்படும் பதிப்பாளருக்கு யாரைக் கேட்பது என்றே தெரியாது. தெரிந்து கேட்டாலும், அப்பாவின் புத்தகத்துக்குப் பெரிய மதிப்பு இருக்கும்போலிருக்கிறது என்று எண்ணிக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் பதில் சொல்லாமல் இருக்கும். ஆகவே இலவசமாகக் கொடுக்க மனம் ஒப்பாதவர்களிடமும் இது ஒன்றைக் கேட்கிறேன். எந்த நாவலின் உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டு தொடர்ந்து அச்சில் இல்லாவிட்டால் அதைப் பொதுவில் திறந்துவிடலாம், அதை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்று எழுதிக் கையெழுத்திட்டு, வீட்டில் ஒன்றும் பதிப்பாளரிடம் ஒன்றுமாக வைத்துவிடுங்கள். கொடுக்கச் சம்மதித்தவர்கள் அந்தத் தாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், பழைய பிரதியை எடுத்து மெய்ப்பைத் தொடங்கலாம். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் வாசகர்களிடம் கேளுங்கள். பழைய புத்தகக் கடைகளில் உங்கள் நாவலைத் தேடி அலைந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்